எழுபத்தாறில் ஒரு பங்கு

பகலில் பல் வார்க்கிறேன்.
ஹல் நகரத்தின் கடைவாய்கள் பலவற்றில்
என் கைவேலை
வறுத்த மீன் மென்றுகொண்டிருக்கிறது.
ஆறு மணிக்கு மேல் அதே உலை, அதே மெழுகு,
முறுக்கிவிட்டால் சுழலும் அதே வார்ப்புக் கை.
தங்கம் இருந்த குகையில் பித்தளை.
வாய் இருந்த இடத்தில் ரயில்.

விசில். பாதுகாப்பு வால்வு.
புகைப்பெட்டிக் கதவை இறுக்கும் இரண்டு முள்,
கடிகாரத்தில் ஆறரை காட்டுவதுபோல.
எண்ணெய்க் குழாய்க்கு ஊசிமருந்து ஊசி:
தெருமுனைக் கால்நடை மருத்துவர்
எதற்கென்று கேட்காமல் தருவார்.
கைப்பிடிக் கம்பிக்கு கிட்டாரின் மெல்லிய தந்தி.
பத்தில் மூன்று மில்லிமீட்டர் துளைப்பான்
ஜெர்மனியிலிருந்து பத்துப் பத்தாக வரும்.
தும்மினால் ஒடியும்.
தும்மாவிட்டாலும் ஒடியும்.

பிப்ரவரியில் ஸ்டாதர்ஸ் என்பவரின் கடிதம்.
அன்புள்ள மிஸ் பிளெங்கின்,
துறைமுகத்து ஷண்டிங் எஞ்சின் ஒன்று கட்டுகிறேன்.
முன்பக்க விளக்குத் தாங்கி ஒன்று வேண்டும்.
உங்கள் பட்டியலில் இருப்பது நேராக இருக்கிறது.
எனக்கு ஓர் அங்குலம் சாய்ந்தது வேண்டும், வலப்பக்கம்.

கீழே, சின்ன எழுத்தில்:
அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.
பெட்டி மாட்டும் கோலை அதன்மேல் வைத்துவிட்டு
எஞ்சினை வரச் சொல்லிக் கைகாட்டினேன்.
யாரும் பார்க்கவில்லை.
பதினோரு வருஷம் அது அப்படியே ஓடியது.

சிரித்திருக்கலாம்.
ஆனால் முன்பல் சந்தை
புதுப் பல்லிலும் விடாமல் வைக்கச் சொல்லி
அழுதவர்களுக்குப் பல் செய்தவள் நான்.

ஓர் அங்குலத்தை எழுபத்தாறால் வகுத்தேன்.
பிழையையும் வகுத்தாக வேண்டும்,
இல்லாவிட்டால் எஞ்சினைவிடப் பெரிதாகிவிடும்.
மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்று வந்தது.

வார்த்த பிறகு வளைத்தேன்: முறிந்தது.
மெழுகில் வளைத்தேன்: விரலை எடுத்ததும்
பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நிமிர்ந்தது.
வாயருகே பிடித்து மூச்சை விட்டு,
கண்ணாடியில் ஆவி படியுமளவு சூட்டில்,
ஊசிமுனையால் ஒரு தள்ளு.
நின்றது.
சுண்ணம் ஊற்றி, மெழுகை எரித்து,
அது விட்டுப்போன வெற்றிடத்தில் பித்தளையைச் சுழற்றி எறிந்தேன்.

அரத்தால் காம்பை நீவும்போது
இடுக்கியிலிருந்து டிங் என்றது.
அவ்வளவுதான். கம்பளம் விழுங்கிவிட்டது.

வாக்குவம் குழாயின் வாயில்
பழைய நைலான் காலுறையை மாட்டி
முழங்காலிட்டு அறை முழுக்க இழுத்தேன்.
பிஸ்கட் தூள், ஒரு பூனை நகம்,
போன மார்ச்சில் தேடித் தேடி
வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்ட அந்த விசில்.
கடைசியில் காலுறையின் தையலில் சிக்கிக்கொண்டு
எள்ளில் பாதி.

உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது.
தொலைபேசியில் கேட்டேன்:
வலப்பக்கம் என்றால் யாருடைய வலம்?
எஞ்சினுடையதா, எதிரே நிற்பவனுடையதா?

நெடுநேரம் ஹம்பர் ஆற்றுக் காற்று மட்டும்
அந்தப் பக்கத்து ஜன்னலில் அடித்தது.
நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்றார் போல.
கையை நீட்டிப் பார்த்தார் போல.
என்னுடைய வலம், என்றார்.
அது என்னை நோக்கித்தானே வந்துகொண்டிருந்தது.

என் ஊகமும் அதுவே. சொல்லவில்லை.
ரசீதில் எழுதினேன்:
விளக்குத் தாங்கி, சாய்ந்தது, ஒன்று.
நேரானதன் விலையே.

உறையின்மேல் 'வளைக்காதீர்கள்' என்று
வழக்கமான முத்திரையைக் குத்திவிட்டு
ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.